இருநூற்றுத் தொண்ணூற்றொரு முறை

வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் தன் கைபேசியை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "யாருடா இது?" என்று வாய்விட்டுக் கேட்டார். ஹாலில் அவரைத் தவிர யாரும் இல்லை.

பாட்டு கேட்கிற ஆப் ஒன்று வைத்திருந்தார். வருஷம் முடிகிற சமயத்தில் அது தானாகவே கணக்கெடுத்து, 'இந்த ஆண்டு நீங்கள் அதிகம் கேட்ட பாடல்கள்' என்று கலர் கலராகக் காட்டும். இந்த வருஷம் அது காட்டிய முதல் பாட்டின் பெயர் 'நாலாவது ஜன்னல்'. கேட்ட முறை இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. இரண்டாம் இடத்தில் இருந்த பாட்டு அறுபத்து நாலோடு பாவமாக நின்றது. இதில் விஷயம் என்னவென்றால், 'நாலாவது ஜன்னல்' என்று ஒரு பாட்டு உலகத்தில் இருப்பதே மெக்கானிக்குக்கு அந்த நிமிஷம்தான் தெரியும்.

இதை வேறு யாராவதாக இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். மெக்கானிக்கால் முடியாது. காரணம் பட்டியல்.

கல்யாணமான வருஷத்திலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, கடைசி ஞாயிறன்று அவரும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த ஆண்டின் பட்டியலைப் போடுவார்கள். பத்துப் பாட்டு, மூன்று ஆல்பம், ஒரே ஒரு கச்சேரி. முன்மொழிவது அவர், வேண்டாததைக் கோடு போட்டு அடிப்பது மனைவி. மனைவி அடித்த பாட்டுக்கு அப்பீல் கிடையாது, அதுதான் சட்டம். கடைசியில் தேறியதைத் தட்டச்சு செய்து உறவிலும் வேலையிலுமாகப் பதினான்கு பேருக்கு அனுப்புவார். பதினான்கு பேரில் படிப்பவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். அந்த நாலில் ஒருவர் அவருடைய சகலை. குறை கண்டுபிடிப்பதற்கென்றே படிக்கிறவர். "கேக்காத பாட்டையெல்லாம் கேட்ட மாதிரி எழுதுறீங்க சகலை" என்று அவர் ஒரு வருஷம் கிளப்பிவிட்டதிலிருந்து, ஆப் காட்டும் கணக்கையும் படமெடுத்துப் பட்டியலோடு சேர்த்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஆக, இந்த இருநூற்றுத் தொண்ணூற்றொன்றுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

சகலையைக்கூடச் சமாளித்துவிடலாம். மெக்கானிக்கின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது வேறொன்று. இந்த வருஷம் மனைவி பட்டியலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு எத்தனை மணிக்கு உக்காரலாம்?" என்று இவர் கேட்க, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்களே போட்டுக்குங்க" என்றார். அவ்வளவுதான். சண்டையில்லை, சத்தமில்லை. இந்த வருஷம் ஒரு கச்சேரிக்கும் அவர் கூட வரவில்லை. கூப்பிட்டால் தலைவலி, கடையில் வேலை, கால்வலி. மெக்கானிக் இரண்டு கச்சேரிக்குத் தனியாகப் போய், பக்கத்து நாற்காலியில் தன் பையை உட்கார வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு வந்தார். இவளுக்கு என்மேல் சலிப்புத் தட்டிவிட்டது, இனி எஞ்சிய காலம் முழுக்க இப்படித்தான் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அந்த மேஜையில் இரண்டு பேராக உட்கார்ந்தால் போதும், பட்டியலில் பத்துப் பாட்டையும் அடித்தாலும் பரவாயில்லை என்கிற நிலைமைக்கு வந்திருந்தார்.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் கண்ணாடியம்மா. மெக்கானிக்குக்கும் பட்டப்பெயர் உண்டு. பாட்டிலில் தண்ணீர் நிரப்பும் ஆலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டாரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டு, "இடதுபக்க பேரிங், இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். பதினோராவது நாள் அது போகும். அதனால் ஆலையில் அவர் காதண்ணன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாரோ மாட்டாரோ, காதண்ணே என்றால் முகம் மலர்ந்துவிடும்.

காதண்ணன் இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'நாலாவது ஜன்னல்' பாட்டைக் கேட்டார். ஒரு பெண்ணின் மெல்லிய குரல், வார்த்தை இல்லாமல் ஏதோ முணுமுணுத்தது. கூட ஒரு குழல், அதுவும் எங்கோ பக்கத்துத் தெருவில் வாசிக்கிற மாதிரி. திடீரென்று எல்லாம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. மறுபடி குரல் வந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது இடைவெளியை அவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: பதினோரு விநாடி. நாலு நிமிஷப் பாட்டில் பதினோரு விநாடி சும்மா இருக்கிறானே, இது தைரியமா சோம்பேறித்தனமா என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஆர்வம் வந்துவிட்டது. பட்டியலுக்கு முன்னுரையாக எழுதி வைத்திருந்த வரியை எடுத்துப் பார்த்தார். 'இந்த ஆண்டு ஒலிப்பதிவு எதிலும் பளபளப்பே இல்லை. எல்லாரும் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.' இந்தப் பாட்டும் அதே ரகம்தான் என்று தலையாட்டிக்கொண்டார்.

அப்புறம் துப்பறிகிற வேலை. ஆப்பை நோண்டியதில் நேரம் கிடைத்தது. ஜனவரி நடுவிலிருந்து, ஞாயிறு தவிர அநேகமாக எல்லா நாளும், காலை ஏழு பத்துக்கு ஒரு தடவை. ஏழு பத்துக்கு மெக்கானிக் இதே ஹாலில், இதே நாற்காலியில், டீயும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பார். ஏழரைக்குத்தான் ஆலைக்குக் கிளம்புவது. ஆக, வீட்டில் யாரும் போட்டிருக்க முடியாது. எவனோ பாஸ்வேர்டைத் திருடி, தினமும் காலையில் இவர் செலவில் பாட்டுக் கேட்டிருக்கிறான்!

சகலைக்குப் போன் போட்டார்.

"திருடன்னா ஊர்ப்பட்ட பாட்டைக் கேப்பான் சகலை. ஒரே பாட்டை வருஷம் பூராவா கேப்பான்?" என்றார் சகலை. "நீங்களே தூக்கத்துல போட்டிருப்பீங்க."

"உங்ககிட்ட கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் பிடித்தார். அவள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரி.

"எந்த டிவைஸ்ல ஓடியிருக்குன்னு காட்டும்பா. மேல மூணு புள்ளி இருக்கா? அதை அமுக்குங்க. இப்போ என்ன வருது?"

"ஹால்னு வருது."

"அப்போ நம்ம வீட்டு ஹால் ஸ்பீக்கர்ப்பா அது."

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அலமாரி மேல், டிவிக்குப் பக்கத்தில், கறுப்பாக, குண்டாக அந்த ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. அவர் நாற்காலிக்கும் அதற்கும் ஆறடிகூட இருக்காது.

"அது எப்படி? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

"அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்றாள் மகள்.

கண்ணாடியம்மா உள்ளறையில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மெக்கானிக் கதவில் சாய்ந்து நின்று, போலீஸ்காரர் தோரணையில், "நாலாவது ஜன்னல்னு ஒரு பாட்டு. தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டைக் கையின் மேல் நின்றது. "தெரியும்."

"போட்டது நீதானா?"

"நான்தான்."

"இருநூத்தித் தொண்ணூத்தொரு தடவையா?"

"அத்தனையா? நான் எண்ணலை."

திருடன் இல்லை என்பதில் ஒரு நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. மெக்கானிக்குக்கு மனசு விட்டுப்போயிற்று. "என்னோட பட்டியல் போட வர மாட்டே, கச்சேரிக்கு வர மாட்டே. தனியா ஒரு பாட்டை மட்டும் ஒளிச்சு வச்சுக் கேப்பியா? எனக்கும் ஒரு வார்த்தை சொன்னா நானும் கேட்டிருக்க மாட்டேனா? நான் இல்லாத நேரமா பாத்து..."

"நீங்க இருக்கும்போதுதாங்க போட்டேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பீங்க."

மெக்கானிக் சிரித்தார். "என் காதுலயே பூ சுத்துறியா?"

கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஹாலுக்கு வந்து விசிறியையும் அணைத்தார். இந்த வருஷம் தினமும் காலையில் இப்படி விசிறியை அணைத்துவிட்டு, கேட்டால் குளிருது என்பார். மெக்கானிக் வேர்த்து வடிய பேப்பர் படிப்பார். வயசாகிறது, அவளுக்கு உடம்பு தாங்கவில்லை என்று நினைத்து விட்டுக்கொடுத்திருந்தார்.

"உங்க நாற்காலியில உக்காருங்க. சுவரைப் பாத்து உக்காருங்க. நான் பாட்டைப் போடுறேன். கேட்டதும் கையைத் தூக்குங்க."

"என்ன இது, உன் கடைக்கு வந்த ஆளா நான்?"

"உக்காருங்க."

அந்தக் குரலில் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் உட்காருவார்கள். மெக்கானிக்கும் உட்கார்ந்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். பல்லி நகர்ந்து டியூப்லைட்டுக்குப் பின்னால் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போவது கேட்டது. வலது கை தொடையில் தயாராக இருந்தது.

"போடேம்மா. எவ்வளவு நேரம்தான் சுவரைப் பாக்கறது?"

திரும்பிப் பார்த்தார். கண்ணாடியம்மா ஸ்பீக்கர் பக்கத்தில் கைபேசியோடு நின்றிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"முடிஞ்சுடுச்சுங்க" என்றார். "முழுப் பாட்டும் ஓடி முடிஞ்சுடுச்சு."

மெக்கானிக் எழுந்து வந்து கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. காலையில் அவர் ஹெட்போனில் கேட்டது ஒன்று, இது ஒன்று.

முதலில் கோபம்தான் வந்தது. நம் ஆட்களுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தானே வெளியே வரும். "சத்தத்தை அவ்வளவு குறைச்சு வச்சா எவனுக்குக் கேக்கும்?" என்று கத்தினார்.

"நான் அடுப்படி வாசல்ல நிப்பேன். எனக்கு ஒவ்வொண்ணும் கேக்கும். ஸ்பீக்கர்ல சத்தம் நாலாவது கோடு. ஜனவரியிலேருந்து அதை மாத்தவே இல்லை. அதே பாட்டு, அதே நேரம், அதே இடம், விசிறி கிடையாது. கடையில எழுத்துப் பலகையை எப்படி ஒரே தூரத்துல மாட்டி வைப்போமோ அப்படி."

"வருஷம் பூரா என்னை வச்சு சோதனையா? நான் என்ன எலியா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கெட்டில் கத்திக்கிட்டே இருந்துச்சு, பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஏன் தண்ணி இன்னும் கொதிக்கலைன்னு கேட்டீங்க. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கன்னேன். காதைப் பத்தி எனக்கே பாடமான்னு மூணு நாள் பேசலை நீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? கடையில ஒரு நாள் பாத்துட்டு யாரையும் முடிவு பண்ண மாட்டோம். தூக்கம் கெட்டிருக்கும், சளி பிடிச்சிருக்கும், இன்னொரு நாள் வாங்கன்னு சொல்வோம். நானும் உங்களுக்கு இன்னொரு நாள், இன்னொரு நாள்னு..."

கண்ணாடியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்காவது தலையைத் தூக்கி, என்ன பாட்டு இதுன்னு கேப்பீங்கன்னு தினமும் அந்த வாசல்ல நிப்பேன். ஒரு நாள் தூக்கினீங்க. பாட்டு நடுவுல. எனக்கு உசிரே திரும்பி வந்துச்சு. விசிறியைப் போடுன்னீங்க."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் மாதம் ஆலையில் ஒரு மோட்டார் புகைந்துபோனது நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு, "தங்கம் மாதிரி ஓடுது" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பேரிங் சப்ளை செய்தவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இரண்டாவது கச்சேரியில் குழல்காரப் பையன் பாதி நேரம் சும்மா குழலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான் என்று வீட்டுக்கு வந்து திட்டியதும் நினைவுக்கு வந்தது.

"அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தார்.

"பிரமாதமா வாசிச்சானாம்" என்றார் கண்ணாடியம்மா மெதுவாக. "பேப்பர்ல போட்டிருந்தாங்க."

அவமானத்தில் மெக்கானிக்குக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷம் மோட்டார்களுக்கு நடுவில் நின்ற காது. பஞ்சு வைத்துக்கொள் என்று ஆலையில் கொடுத்ததையெல்லாம், வைத்தால் மோட்டார் பேசுவது கேட்காது என்று மேஜை டிராயரில் போட்டவர் அவர்தான்.

"அதான் பட்டியலுக்கு வரலையா?"

"எப்படிங்க வர்றது? இதுல ஒண்ணுமே இல்லைன்னு நீங்க ஒதுக்குற பாட்டுல எல்லாம் எனக்கு என்னென்னமோ கேக்குது. சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். சொல்லாம உக்காந்து தலையாட்டினா, உங்களை ஏமாத்துற மாதிரி இருக்கும். கச்சேரிக்கு வந்தாலும் அதேதான். அந்தச் சத்தத்துக்கு நடுவுல உங்க காதை நினைச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும்."

"என்மேல சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்."

"சலிச்சுப்போனவதான் வருஷம் பூரா ஒரே பாட்டைப் போட்டுக்கிட்டு நிப்பாளா?" கண்ணாடியம்மாவுக்குக் கோபம் வந்தது. வந்தது நல்லதாகப் போயிற்று, அழுகை நின்றது. "காது டாக்டர்கிட்ட செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பேர் கொடுத்திருக்கேன். ஏற்கெனவே ரெண்டு தடவை கொடுத்து, உங்ககிட்ட சொல்ல பயந்துக்கிட்டு ரத்து பண்ணிட்டேன். மிஷின் வச்சா நல்லாவே கேக்கும்ங்கிறாங்க. வர்றீங்களா, இல்லை மறுபடியும் மூணு நாள் பேச மாட்டீங்களா?"

மெக்கானிக் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார். "வரேன்" என்றார். அப்புறம், அவருடைய பழைய குணம் போகுமா, "அந்தப் பாட்டுல மூணு இடத்துல நிறுத்துறாங்களே, அந்த இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"மணி. சின்னச் சின்ன மணியா ஒரு கொத்து. ஒவ்வொண்ணா ஆட்டுவாங்க."

"எப்படி ஆட்டுவாங்க?"

"எப்படின்னா... மணி மாதிரிதான்."

"தாளம் எப்படி? மொத்தமாவா, விட்டு விட்டா? முதல்ல ஒண்ணா, ரெண்டா?"

கண்ணாடியம்மா விழித்தார். அவர் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மகளைத் தூங்க வைக்கக்கூட மெக்கானிக்தான் பாடுவார். அம்மா வாயைத் திறந்தால் குழந்தை எழுந்துகொள்ளும். "எனக்கெல்லாம் வராதுங்க" என்றார்.

"வராட்டி போகுது. நீ வாயால சொல்லு."

மெக்கானிக் சத்தத்தைப் பன்னிரண்டாவது கோட்டுக்கு ஏற்றிப் பாட்டைப் போட்டார். பெண்குரல் வந்தது. குழல் வந்தது. முதல் இடைவெளியில் கண்ணாடியம்மா தயங்கி, "டிங்" என்று தாமதமாக ஒன்று சொல்லி, வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டார். "டிங்... டிங்டிங்... டிங்." கட்டைக் குரல், மணிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் தாளம் ஊசிமுனையளவுகூட விலகவில்லை. இத்தனை நாள் கேட்டவருக்கு விலகுமா? மூன்றாவது இடைவெளியில் பதினோரு விநாடியும் விடாமல் சொன்னார். மணிகள் ஒன்றையொன்று துரத்தி, கூடி, கடைசியில் ஒற்றையாக ஒன்று மிஞ்சி நின்றது. மெக்கானிக் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலியாகக் கிடந்த பாட்டு நிரம்பி வழிந்தது. அப்படி ஒரு பாட்டை அவர் அந்த வருஷம் கேட்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மேஜைக்குப் போனார். தாளை இழுத்து, ஒன்று என்று போட்டு, அதன் எதிரே 'நாலாவது ஜன்னல்' என்று பெரிதாக எழுதினார்.

கண்ணாடியம்மா பின்னாலேயே வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இதை அடிங்க" என்றார்.

"ஏன்?"

"இன்னொரு தடவை இந்தப் பாட்டைக் கேட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"நான் இப்பதானேம்மா முதல் தடவையா கேக்குறேன்!"

"அப்பீல் கிடையாது."

மெக்கானிக் பேனாவை எடுத்து, அவ்வளவு சந்தோஷமாக, அந்த வரியை அடித்தார்.